பாதி வருகை

மகிழ்மழலை தாய்-சேய் ஆதரவு மையத்தில் அழுவதற்குத் தடை ஒன்றும் கிடையாது. அதற்கென்று நேரம் ஒதுக்கப்படவில்லை, அவ்வளவுதான். வரவேற்புப் பாட்டு, கைதட்டல், மகிழ்ச்சிப் பகிர்வு, பொம்மை நேரம், பிஸ்கட், நன்றிப் பாட்டு என்று நிகழ்ச்சி நிரல் சுவரில் ஒட்டகச்சிவிங்கிப் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டப்பட்டிருந்தது. இதற்கு நடுவில் யாருக்காவது அழுகை வந்தால் தாராளமாக அழலாம். வெளியே போய் அழுதுவிட்டு நன்றிப் பாட்டுக்குள் திரும்பிவிட வேண்டும்.

அவளை அங்கே போகச் சொன்னது மருத்துவமனை நர்ஸ். தையலைப் பார்த்து முடித்ததும் அவள் முகத்தையும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதம்மா. அங்க போ. உன்னை மாதிரி நிறைய பேரு வருவாங்க. மனசுல இருக்கிறதக் கொட்டிட்டு வரலாம்" என்றார்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க "இது தெளிவா தெரியுதா, அது தெளிவா தெரியுதா" என்று அடுத்தவர்களைக் கேட்டுக்கேட்டே பழகியதால், தன்னைப் பற்றிச் சொல்லும்போது வாய் ஒட்டிக்கொள்ளும். அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்திருந்தன. பெண் தங்கினாள். பையன் மருத்துவமனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நாள் இருந்து பார்த்துவிட்டு, இது சரிப்பட்டு வராது என்று போய்விட்டான். அப்போது அவள் வார்டில் காய்ச்சலில் கிடந்தாள். அவனை எப்படிக் கொண்டுபோனார்கள் என்று அவள் கேட்டதில்லை. கொண்டுபோன கணவரும் சொன்னதில்லை. அவர் லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் தொழில். வீட்டில் மட்டும், யாரும் எங்கும் மாட்டிக்கொள்ளாதது போல நடமாடிக்கொண்டிருந்தார்.

முதல் நாள் பத்துப் பன்னிரண்டு தாய்மார்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மையத்தில் யாருக்கும் பெயர் இல்லை. எல்லோரும் 'மகிழ்தாய்'. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவருக்கொருவர் வித்தியாசம் தெரிந்துவிடும், வித்தியாசம் தெரிந்தால் ஒப்பீடு வரும், ஒப்பீடு வந்தால் மனம் வாடும் என்று ஒருங்கிணைப்பாளர் விளக்கினார். இளம்பெண். தேனில் குழைத்த குரல். கையில் ஒரு கம்பளி நூலுருண்டை வைத்திருந்தார். அது யார் கைக்கு வருகிறதோ அவர் ஒரு மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

ஒருத்தி தன் பிள்ளை குப்புற விழுந்ததைச் சொன்னாள். இன்னொருத்தியின் பிள்ளை மின்விசிறியைப் பார்த்துச் சிரித்திருந்தது. கைதட்டினார்கள். நூலுருண்டை இவள் மடியில் வந்து விழுந்தது.

"எனக்கு ரெண்டு பொறந்துச்சு. ஒண்ணு தங்கல" என்றாள்.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. ஒருங்கிணைப்பாளரின் புன்னகை மட்டும் இடம் மாறவில்லை.

"நன்றி மகிழ்தாய். ரொம்ப அழகா பகிர்ந்தீங்க. ஆனா இது மகிழ்ச்சிப் பகிர்வு இல்லையா? நீங்க சொன்னதுல இருக்கிற மகிழ்ச்சியான பகுதிய மட்டும் இன்னொரு தடவ சொல்ல முடியுமா?"

"மகிழ்ச்சியான பகுதியா?"

"ரெண்டு பொறந்துச்சுன்னீங்கல்ல, அங்கேயே நிறுத்திக்கலாம்."

அவள் சொல்பேச்சுக் கேட்பவள். "எனக்கு ரெண்டு பொறந்துச்சு" என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தட்டலில்தான் அவளுக்குக் கண் கலங்கியது. பக்கத்தில் இருந்தவள் டிஷ்யூ இருக்குமா என்று மெதுவாகக் கேட்டாள். டிஷ்யூப் பெட்டி அலமாரியில் பூட்டி இருந்தது. வெளியே வைத்தால் பார்ப்பவர்களுக்கு அழவேண்டும் என்று தோன்றிவிடுகிறதாம். அவள் மகளின் தோள்துண்டில் துடைத்துக்கொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் ஒருங்கிணைப்பாளர் அவளைத் தனியே அழைத்தார்.

"ரெட்டைப் பிள்ளைங்கன்னா நீங்க இரட்டையர் வட்டத்துலதானே சேரணும்?"

"இப்ப ஒண்ணுதாங்க இருக்கு."

"புரியுது. ஆனா கம்ப்யூட்டர் எத்தன பொறந்துச்சுன்னுதான் கேக்குது. அப்புறம் நடந்ததக் கேக்கறதில்ல."

இப்படித்தான் அவள் இரட்டையர் வட்டத்துக்குப் போனாள். அந்த அறையில் எல்லாமே இரண்டிரண்டு. பாய் இரண்டு, தலையணை இரண்டு, கிலுகிலுப்பை இரண்டு. வலது பக்கத்துப் பாயில் மகளைப் போட்டுவிட்டு இடது பக்கத்துப் பாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மற்ற தாய்மார்கள் நல்லவர்கள்தான். ஆனால் ஒன்றுக்குப் பால் கொடுக்கும்போது மற்றது அழ, அதைத் தூக்கினால் இது அழ, நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. ஒருத்தி மட்டும் ஒருநாள் நிமிர்ந்து, "உங்களுக்குப் பரவாயில்ல, ஒரு கை சும்மா இருக்கு" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து வேறு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு வாரமும் வருகைப்பதிவு நடந்தது. குழந்தை ஒன்று வந்திருக்கிறதா? வந்திருக்கிறது. குழந்தை இரண்டு? பதில் இல்லை. பதிவேட்டில் அவளுக்கு நேரே 'பாதி வருகை' என்று விழுந்தது. சில வாரம் இப்படிப் போனதும் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. குழந்தையின் பேருக்கே வந்திருந்தது.

'அன்புள்ள குழந்தை இரண்டுக்கு, தாங்கள் தொடர்ந்து வராதிருப்பது கண்டு வருந்துகிறோம். தாங்கள் இல்லாமல் எங்கள் வட்டம் முழுமை பெறாது.'

அவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் பிறந்து, போய்விட்ட பிறகு அவனுக்கென்று யாரும் ஒரு வரி எழுதியதில்லை. எழுதியது ஒரு கம்ப்யூட்டர் என்றாலும் எழுதியிருந்தது. கணவரிடம் காட்டினாள். அவர் படித்தார், மடித்தார், மேசைமேல் வைத்தார். "பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனாள். ஒருங்கிணைப்பாளர் அதை மிகுந்த மரியாதையோடு இரண்டு கையாலும் வாங்கினார். அனுதாபத்தோடு தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்துக்கொண்டே தட்டச்சு செய்தார்.

"விடுப்பு அனுமதிச்சாச்சு மகிழ்தாய். எதுவரைக்கும்னு போடட்டும்?"

"எதுவரைக்கும்னா?"

"திரும்பி வர்ற தேதி."

அவள் மேசைமேல் இருந்த சான்றிதழைப் பார்த்தாள்.

"சரி, அதிகபட்சம் ஆறு மாசம் போட்டுடறேன். அப்புறம் வேணும்னா நீட்டிச்சுக்கலாம்" என்று ஒருங்கிணைப்பாளர் தன்னால் ஆன உதவியைச் செய்தார். "ஒண்ணு சொல்லட்டுமா? உங்களுக்குன்னே மூணாவது மாடியில ஆறுதல் வட்டம் இருக்கு. இழந்தவங்களுக்கானது. அங்க அலமாரிய பூட்டறதே இல்ல."

ஆறுதல் வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். கதவைத் திறந்ததும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"என் பொண்ணு."

"உயிரோட இருக்கிற குழந்தைய இங்க கொண்டு வரக் கூடாது. தப்பா நினைச்சுக்காதீங்க. இங்க வர்றவங்க முழுசா இழந்தவங்க. உங்க கையில ஒண்ணு இருக்கு. அதப் பாத்தா அவங்க மனசு என்ன பாடுபடும்?"

அவர் தோளுக்கு மேலே அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே நாலைந்து பெண்கள் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருந்தது. அதனால்தான் அவளால் சண்டை போட முடியவில்லை.

"கீழ போனா இல்லாததப் பத்திப் பேசக் கூடாதுங்கறாங்க. இங்க வந்தா இருக்கறதக் கொண்டு வரக் கூடாதுங்கறீங்க. நான் எங்கங்க போறது?"

"பாத்தீங்களா! உங்க ஒருத்தர் விஷயத்த ரெண்டு மாடியிலயும் எவ்வளவு கவனமா யோசிச்சு வெச்சிருக்கோம்!" என்று ஆய்வாளர் மனம் நெகிழ்ந்தார். "ஒண்ணு செய்ங்க. வெளிய ஒரு நாற்காலி போடச் சொல்றேன். கதவ ஒருக்களிச்சு வெக்கறோம். காதால கேட்டுக்குங்க. குழந்த அழுதா மட்டும் கொஞ்சம் கீழ இறங்கிடுங்க."

குழந்தை அழுதது. அவள் இறங்கினாள். இரண்டு மாடிகளுக்கு நடுவே படிக்கட்டு திரும்பும் இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்து, வீறிட்டுக் கொண்டிருந்த தன் மகனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பேருந்தில் கண்டக்டர். பிரசவ விடுப்பில் இருந்தாள்.

"உன்னையும் எறக்கி விட்டுட்டாங்களா?" என்று கேட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள். "இவன் கத்தறது கீழ வட்டத்தோட அமைதியக் கெடுக்குதாம். நான் வண்டி நிறைய ஆளுங்கள வெச்சுக்கிட்டு ஊரச் சுத்தினவ. கத்தறான்னு ஒருத்தரையும் எறக்கி விட்டதில்ல. கைக்குழந்தையப் போயி எறக்கறாங்க பாரு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் சுவர் குளிர்ச்சியாக இருந்தது. என்ன தோன்றியதோ, அந்த நூலுருண்டை இல்லாமலே பேச ஆரம்பித்துவிட்டாள். பெண்ணைப் பற்றிச் சொன்னாள். பையனைப் பற்றிச் சொன்னாள். கண்ணாடிப் பெட்டியின் ஓட்டைக்குள் விரலை விட்டபோது அவன் பிடித்துக்கொண்டதைச் சொன்னாள். நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை.

"கூப்புட பேரு ஏதாவது வெச்சிருந்தீங்களா?" என்று கண்டக்டர் கேட்டாள்.

"ஸ்கேன்ல பாத்த அன்னிக்கே அவரு வெச்சிட்டாரு. இவ கடுகு, அவன் மிளகு. இப்ப இவளக்கூட அவரு கடுகுன்னு கூப்புடறதில்ல. பாப்பான்னுதான் கூப்புடறாரு."

"ஒண்ணச் சொன்னா இன்னொண்ணு நாக்குல வந்து நிக்குமில்ல, பாவம்" என்றாள் கண்டக்டர். பிறகு, "மிளகு! வளந்திருந்தான்னா உன்னைப் பாடாப் படுத்தியிருப்பான்" என்றாள்.

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. கண்டக்டர் மகனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

அதன்பின் வாராவாரம் இருவரும் அங்கேதான் கூடினார்கள். இது மையத்தின் காதுக்கு எட்டியது. ஒருங்கிணைப்பாளர் படியில் நின்று கேட்டார்: "இங்க என்ன நடக்குது?"

"பேசிட்டிருக்கோம்" என்றாள் கண்டக்டர்.

"யாரு ஒருங்கிணைக்கிறா?"

"யாரும் இல்ல."

"அப்ப இது பேச்சு இல்ல, நெரிசல். படிக்கட்டுல நெரிசல் கூடாது."

நெரிசலைக் கலைப்பதற்குள் ஆண்டு விழா வந்துவிட்டது. அதோடு ஒரு காய்ச்சலும் வந்தது. இரட்டையரில் ஒன்றுக்கு வந்தால் இரண்டுக்கும் வரும், இரண்டுக்கு வந்தால் வட்டத்துக்கே வரும். விழா அன்று இரட்டைத் தாய்மார் ஒருத்திகூட வரவில்லை. மையத்தின் தலைவியோ மேடையில் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"எங்க மையத்துல கண்ணீருக்கு இடமே கிடையாது! போன வருஷம் வாங்கின டிஷ்யூப் பெட்டிகள்ல பாதிய நாங்க இன்னும் பிரிக்கவே இல்ல. இதவிட என்ன சாதனை வேணும்? சோகத்தோட உள்ள வந்த தாய்மார்கள் பல பேரு திரும்பி வந்ததே இல்ல. அவ்வளவு சீக்கிரம் குணமாயிட்டாங்க!"

கைதட்டல் நெடுநேரம் நீடித்தது. அடுத்து, விருந்தினர்களுக்கு முன்னால் ஓர் இரட்டைத் தாயைப் படம் எடுக்க வேண்டும். மேடையில் இரண்டு சின்ன மாலைகளும் ஓர் இரட்டை நாற்காலியும் தயாராக இருந்தன. ஒருங்கிணைப்பாளர் மூச்சிரைக்கப் படிக்கட்டுக்கு ஓடி வந்தார்.

"மகிழ்தாய், நீங்க இரட்டையர் வட்டம்தானே? ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க." கண்டக்டரின் மடியைப் பார்த்தார். "இதையும் தூக்கிட்டு வாங்க."

கண்டக்டருக்கு விஷயம் புரிந்ததும் முகம் சிவந்தது. "உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா?" என்று ஆரம்பித்தவள், இவளைப் பார்த்து நிறுத்தினாள். "உனக்கு வேணாம்னா சொல்லு. தலைவி இல்ல, தலைவியோட பாட்டன் வந்து கேட்டாலும் நான் என் பிள்ளையத் தர மாட்டேன்."

அவள் மகளை வலது கைக்கு மாற்றிக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

"குடுங்க" என்றாள்.

அவன் கனமாக இருந்தான். இரண்டு பக்கமும் ஒரே கனம். அவள் உடம்பு தானாக நேரானது. மாதக்கணக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவன் வாய் தோளில் ஈரம் வைத்தது. இரண்டு தலைகளும் அவள் தாடைக்குக் கீழே இடித்துக்கொண்டன. படம் எடுப்பவர் "சிரிங்கம்மா" என்றார். சொல்லாமலே அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். படம் எடுத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் மேடைக்கு வந்து பக்கத்தில் நின்றாள். அவளாகவே திருப்பிக் கொடுக்கும்வரை நின்றாள்.

சில நாட்களில் ஊரெல்லாம் அந்தப் படம். பேருந்து நிறுத்தங்களில், மருந்துக்கடைச் சுவர்களில், அவள் இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகளோடு சிரித்துக்கொண்டிருந்தாள். 'இரட்டிப்பு மகிழ்ச்சி! இங்கே யாரும் தனியாக இல்லை.' அவள் தலைவியைப் பார்க்கப் போனாள்.

"அத எடுத்துடுங்கம்மா. அது என் பிள்ளை இல்ல."

"பாக்கறவங்களுக்குத் தெரியாதே" என்றார் தலைவி அன்பாக.

"எனக்குத் தெரியுமே."

"நீங்க ஒருத்தர்தானேம்மா! அதப் பாத்துட்டு எத்தன பேரு சேர்ந்திருக்காங்க தெரியுமா? அந்தச் சிரிப்ப நாங்க யாரும் சொல்லிக் குடுக்கல. தானா வந்தது. மையம் உங்களுக்கு எவ்வளவு செஞ்சிருக்குன்னு அதுலயே தெரியுது." பிறகு நினைவு வந்தவராக, "இன்னொரு நல்ல செய்தி. படத்துல ரெண்டு குழந்தையும் இருக்கறதால உங்க ரெண்டாவது குழந்தையோட விடுப்ப ரத்து பண்ணியாச்சு. இனிமே முழு வருகை" என்றார்.

அவள் வீட்டுக்கு நடந்தே வந்தாள். வழியில் எந்த நிறுத்தத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று கணவர் வழக்கத்தைவிடப் பிந்தி வந்தார். கையில் இருந்த கிரீஸைக்கூடக் கழுவாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"பஸ் ஸ்டாப்புல பாத்தேன்" என்றார்.

அவள் அடுப்பை அணைத்தாள். "அது கண்டக்டர் அக்காவோட பையன். ஃபோட்டோவுக்காகக் குடுத்தாங்க. உங்ககிட்ட சொல்லணும்னுதான்..."

"ரெண்டு பஸ்ஸ விட்டுட்டேன். பக்கத்துல நின்ன பெரியவரு, என்ன தம்பி அப்படிப் பாக்கறன்னு கேட்டாரு. என் சம்சாரம்னேன். ரெட்டையான்னாரு."

"என்ன சொன்னீங்க?"

"ஆமான்னேன். கொடுத்து வெச்சவன்டா நீன்னு முதுகுல தட்டிட்டுப் போனாரு." அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "பொய் சொல்லிட்டேன்."

"பொய் இல்லையே. ரெட்டைதானே" என்றாள் அவள்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மகள் ஒருமுறை சிணுங்கி அடங்கினாள். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னிக்கும் இப்படித்தான் ஒரு ஆமா சொன்னேன். ஆஸ்பத்திரியில அவன ஒரு வெள்ளைப் பெட்டியில வெச்சுக் குடுத்தாங்க. சின்னப் பெட்டி. வேற யாரையும் வரச் சொல்லத் தோணல. வாசல்ல ஒரு டாக்ஸி நின்னுச்சு. ஏறி மடியில வெச்சுக்கிட்டேன். டிரைவர் கண்ணாடியில பாத்துட்டு, கேக்கா சார், வீட்டுல பிறந்தநாளான்னு கேட்டாரு. எனக்கு வேற எதுவும் வாயில வரல. ஆமான்னுட்டேன்."

அவள் அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அதுக்கப்புறம் அந்த ஆளு, கேக்கு நசுங்கிடக் கூடாதுன்னு வழியெல்லாம் மெதுவா ஓட்டினாரு. ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டிய நிறுத்தி நிறுத்தி எறக்கினாரு. பின்னாடி வந்தவங்க எல்லாம் ஹாரன் அடிச்சுத் திட்டறாங்க. அவரு காதுலயே போட்டுக்கல. பாத்து சார், நல்லா புடிச்சுக்குங்க சார்னு சொல்லிக்கிட்டே வந்தாரு."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அவள் அவருடைய கிரீஸ் படிந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தச் சாலையின் பள்ளங்களெல்லாம் அவளுக்குத் தெரியும். வயிற்றில் இரண்டையும் சுமந்துகொண்டு அதே வழியாகத்தான் பரிசோதனைக்குப் போய் வந்தாள்.

"அப்ப, குலுங்காமத்தான் போயிருக்கான்" என்றாள்.